மூணு திரையிலும் ஒரே பக்கம்

ஏனுங்க அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சுட்டு வர்றது எந்த ஆப்புங்க? அட, பக்கத்து சீட்டுக் கெழவன் எட்டிப் பாக்கறான்னு நெனச்சுப்போடாதீங்க. கோயமுத்தூர்ல ரயில் ஏறுனதுல இருந்து பாத்துட்டே வர்றேன். மொதல்ல போன்ல படிச்சீங்க. அப்பறம் அதைய வெச்சுப்போட்டுப் பையில இருந்து பெரிய டேப்லெட்டை எடுத்தீங்க. அது சட்டுனு அதே எடத்துல தொறந்துச்சு. தொறந்துச்சில்லீங்க? அதைத்தான் கேட்டேன்.

ஓ, அதுங்களா. அதையும் போட்டுப் பாத்துட்டேனுங்க. மோசமில்லை. ஆனா தமிழ் எழுத்து அதுல ரொம்பச் சன்னமா வரும், தடிப்பாக்க வழியில்லை. உங்களுக்குக் கண்ணு நல்லாருக்குது, தெரியாது. அதுல இன்னொரு கோளாறும் இருக்குதுங்க, நெட்டு இல்லாத எடத்துல மூடுனீங்கன்னா விட்ட எடத்தை மறந்துரும். இதா, திருப்பூர் தாண்டி சித்த தூரம் சிக்னல் வராது, அப்ப மூடிப் பாருங்க, தெரியும்.

எப்படி இவ்வளவு தெரியுதுன்னு பாக்கறீங்களா? நான் பீளமேட்டுல ஒரு மோட்டார் பம்பு கம்பெனில பர்ச்சேஸ்ல இருந்தவனுங்க. இப்ப ரிட்டயர்டு. அந்தப் பக்கம் வந்து பர்ச்சேஸ் நாச்சிமுத்துன்னு கேளுங்க, டீக்கடைக்காரன்கூடச் சொல்லுவான். மூணு கொட்டேஷன் வாங்காம ஒரு நட்டு போல்ட்டு உள்ள விட்டதில்லை நானு. மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, கம்பேரட்டிவ் போட்டு, எது நல்லதோ அதைத்தான் எடுப்பேன். எடுத்ததுக்கு அப்பறமும் அதைவிட நல்லது வந்தா, பழசைத் தூக்கிப் போட்டுருவேன். மொதலாளியே சொல்லுவாரு, நாச்சிமுத்து கை பட்டா குறை இருக்காதுன்னு.

இந்தப் படிக்கற சமாச்சாரம் எனக்கில்லீங்க. நான் பேப்பர்ல தலைப்பு பாக்கறதோட சரி. இது எங்க வீட்டுக்காரி படிக்கறதுக்காக. சாந்தாமணின்னு பேரு. இப்ப இல்லீங்க. போன ஐப்பசில தவறிப்போயிட்டா.

அட, நீங்க எதுக்கு மொகத்தைத் தொங்கப் போடறீங்க. சொல்றதுக்காகச் சொன்னேன். சேலத்துல எறங்கறீங்களா? அப்ப நேரம் இருக்குது. கேளுங்க, உங்களுக்கும் உபயோகப்படும்.

அவளுக்கு கிட்னி ரெண்டும் வேலை செய்யலைங்க. வாரத்துல ரெண்டு நாள், அப்பறம் மூணு நாள், டயாலிசிஸ். எடது கையில ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள்ள விட்டு, சுத்தம் பண்ணித் திருப்பி ஏத்துவாங்க. அது முடியற வரைக்கும் அந்தக் கையை அசைக்கப்படாது. எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் அந்த நாலு மணி நேரம் சலிச்சுப்போகும். மத்தவங்க எல்லாம் டிவியைப் பாத்துட்டுக் கெடப்பாங்க. இவளுக்கு டிவி ஆகாது. படிக்கோணும்.

என்ன படிக்கோணும்ங்கறீங்க? ஒரே ஒரு புத்தகம். இவ பொறந்த வீட்டுல இருக்கறப்ப வாரப் பத்திரிகைல தொடரா வந்த கதைங்க. தில்லைநாயகின்னு ஒரு பொண்ணு. அவளோட அண்ணன் ரங்கூனுக்கு ஓடிப்போயிடறான். அவனைத் தேடிட்டு இவ தனியாக் கப்பலேறிப் போறா. வாராவாரம் காத்துட்டிருந்து படிச்சிருக்கறா. தில்லைநாயகி கப்பலேறுன சமயத்துல எங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. எங்கூட்டுல பத்திரிகை வாங்கற வழக்கம் இல்லீங்க. எங்கம்மாவுக்குப் புடிக்காது. அதோட கதை நின்னுபோச்சு. அண்ணன் கெடைச்சானா, இல்லையா? இவ்வளவு வருசம் கழிச்சு அதைத்தான் கேட்டா. "அது மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதுமுங்க எனக்கு" அப்படின்னா.

எங்க பொண்ணு வினோதினி மெட்ராஸ்ல இருக்கறா. அவதான் தேடிப் புடிச்சா. புத்தகமா வந்திருக்குது, தலைகாணி மாதிரி. ஒத்தைக் கையில அதைய எப்படிங்க தூக்கிப் புடிக்கறது? அதனால ஃபைலா வாங்கி அனுப்புனா. கூடவே ஒரு டேபையும் வாங்கிக் குடுத்தா. ஆஸ்பத்திரில போன், கைக்கு அடக்கமா இருக்கும். வீட்டுல டேப், எழுத்துப் பெருசா இருக்கும். ஏற்பாடு என்னமோ நல்ல ஏற்பாடுதான்.

ஆனா பாருங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. ஆஸ்பத்திரில போன்ல எங்கயோ படிச்சு நிறுத்தியிருப்பா. வீட்டுக்கு வந்து டேபைத் தொறந்தா அது முந்தாநாள் எடத்துலயே நிக்கும். பக்க நெம்பரும் ஒத்துப் போகாது, எழுத்துப் பெருசானா பக்கம் மாறிருமில்லீங்க. அதுக்கு அவ ஒரு வழி கண்டுபுடிச்சா. மெஷினைக் கழட்டறப்ப, கடைசியாப் படிச்ச வரியை எங்கிட்டச் சொல்லுவா. "ஞாபகம் வெச்சுக்கங்க, எனக்கு மறந்துரும்" அப்படிம்பா. டயாலிசிஸ் முடிஞ்சா அவளுக்குத் தலை கிறுகிறுன்னு இருக்கும், பாவம், ஒண்ணும் நிக்காது. நான் அந்த வரியைச் சொல்லிட்டே காரை ஓட்டோணும். 'கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது தில்லைநாயகி திரும்பிப் பார்க்கவில்லை.' ஒவ்வொரு சிக்னல்லயும் அவ கேப்பா, "என்னங்க வரி?" நான் சொல்லோணும். வீட்டுக்குப் போயி, கஞ்சி குடிச்சுப்போட்டு, டேபை மடியில வெச்சுட்டு மறுபடியும் கேப்பா, "எங்கீங்க விட்டேன்?" நான் சொல்ல, அவ தேடிப் புடிப்பா.

ஒருநா எனக்கு மறந்தே போச்சு. ஹோப் காலேஜ் பக்கம் ஒரு பஸ்ஸுக்காரன் குறுக்க வந்துட்டான். கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், 'ஜோன்னு மழை புடிச்சுக்கிச்சு' அப்படின்னு. அவ சிரிச்சா பாருங்க! "அடக் கெரகமே, இந்தக் கதைல மழையே பெய்யலீங்க" அப்படின்னு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. வீடு வர்ற வரைக்கும் சிரிச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு. என்னடா இது, இத்தனை வருசம் ஒரு ஸ்டோருக்கே கணக்கு வெச்சவன், ஒரு வரி வெச்சுக்க முடியலயேன்னு.

அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன். இது ஆகாது. மனுசன் ஞாபகத்தை நம்பி ஒரு ஏற்பாடு இருக்கப்படாது. சரியான ஆப்பு எதுன்னு பாத்து எடுக்கோணும்.

உக்காந்தேனுங்க. போனுக்கு, டேபுக்கு, அப்பறம் எங்க வீட்டு லேப்டாப்புக்கும் சேத்து, மூணுலயும் ஓடற மாதிரி எதெது இருக்குதுன்னு எல்லாத்தையும் எறக்கிப் பாத்தேன். மொதல்ல இருந்ததுல எழுத்தே உடைஞ்சு வந்துச்சு. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல புள்ளி வெச்ச வட்டம். சாந்தா அதைக் கண்டுக்கவே இல்லை. "எனக்குப் புரியுதுங்க, விடுங்க" அப்படின்னா. எப்படிங்க விடறது? டிஃபெக்டிவ் பீஸுன்னு தெரிஞ்சும் வெச்சிருக்கறதா? அவ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி சேலை கட்டிட்டு இருக்கறப்பவே அதை எடுத்துப்போட்டு வேற ஏத்திக் குடுத்துட்டேன்.

புதுசுல எழுத்து நறுக்குன்னு இருந்துச்சு. ஆனா அவ எந்த எடத்துல இருந்தாங்கறது போச்சு. அடையாளம் வெச்சிருந்தா, மஞ்சக் கோடு போட்டிருந்தா, அதெல்லாம் பழசோட போயிருச்சு. நான் தேடித் தர்றேன்னுதான் சொன்னேன். அவ மூச்சு விட்டுட்டு, "பரவால்லீங்க, மொதல்ல இருந்தே போறேன். தில்லைநாயகி மறுபடியும் சின்னப் புள்ளையாயிட்டா" அப்படின்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா.

அது டேப்ல நல்லா ஓடுச்சு, போன்ல சூடாக்குச்சு. மாத்துனேன். அடுத்தது ரெண்டுலயும் ஓடுச்சு, ஆனா ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் எவனோ ஒருத்தன் விளம்பரத்துல ஆடுவான். சீக்காளி படிக்கற எடத்துல ஆட்டமென்ன, பாட்டமென்ன? தூக்கிப்போட்டேன். அடுத்தது பாஸ்வேர்டு கேட்டுட்டே இருந்துச்சு. அதுக்கடுத்தது வெள்ளைப் பின்னணில கண்ணைக் கூசுச்சு. நான் எங்க ஆபீஸ் பழக்கத்துக்கு ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குது, என்ன இல்லைன்னு சுவத்துல பெரிய சார்ட்டே ஒட்டிட்டேன். வீட்டுக்கு வர்றவங்க அதைப் பாத்து ஆச்சரியப்படுவாங்க. "சாந்தாக்கா, உங்களுக்கு இப்படி ஒரு ஆளா" அப்படிம்பாங்க. அவளும் ஆமான்னு தலையாட்டுவா.

ஒவ்வொருக்காவும் தில்லைநாயகி சின்னப் புள்ளையா ஆயிருவா. கெணத்தடில பாவாடையைப் புழிஞ்சுட்டு நிப்பா. அதுதான் மொத அத்தியாயம். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுங்க, இவ சொல்லிச் சொல்லி.

இதா, திருப்பூர் வந்துருச்சு. பாத்தீங்களா, என்ன கூட்டம்! பையைச் சித்த இந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்கறேன். இதுக்குள்ளதான் மூணும் இருக்குது. போன், டேப், லேப்டாப்பு.

எங்க விட்டேன்? ஆ. வினோதினி போன் பண்ணித் திட்டுனா. "அப்பா, அம்மா பாட்டுக்குப் படிக்கட்டும், விடுங்கப்பா. எழுத்து உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது. அம்மாவுக்கு எவ்வளவு நாள் இருக்குதுன்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா" அப்படின்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. காதுல விழுந்ததுனாலதான் இந்தப் பாடு படறேன்! நாள் கம்மியா இருக்கறப்ப நல்லதாத்தானே குடுக்கோணும்? பொண்ணு படிச்சவ, பெரிய உத்தியோகம், ஆனா அப்பன் என்ன செஞ்சாலும் குத்தம் அவளுக்கு. இப்பக்கூட எங்கிட்டச் சரியாப் பேசறதில்லை. எதுக்குன்னே தெரியலீங்க.

நடுவுல சாந்தாவுக்குக் கண்ணு மங்கலாயிருச்சு. சுகரும் கூட இருந்துச்சில்லீங்க. ஒருநா டேபைத் தூக்கி எங்கிட்ட நீட்டி, "நீங்கதான் சித்த நேரம் படிச்சுக் காட்டுங்களேன்" அப்படின்னா. எனக்குப் படிச்சுக் காட்டியெல்லாம் பழக்கமில்லை. திக்கித் திணறிட்டு உக்காந்திருந்தா அவளுக்குத்தானே கஷ்டம்? தேடுனேன், தானாச் சத்தமாப் படிக்கற ஆப்பு ஒண்ணு கெடைச்சுது. வேகம், கொரல் எல்லாம் பொருத்தமா வெச்சுக் குடுத்தேன். ரயில் வர்றதை அறிவிக்கற பொம்பளையாட்டப் படிச்சுது, ஆனா ஒரு தப்பில்லாமப் படிச்சுது. அவ சித்த நேரம் கேட்டா. "போதுங்க, காது வலிக்குது" அப்படின்னு நிறுத்திப்போட்டா. நான் பக்கத்துலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், ஒருவேளை மறுபடியும் போடச் சொல்லுவாளோன்னு. சொல்லலை.

அப்பறம் கடைசியா ஒண்ணு கெடைச்சுது பாருங்க. ஐப்பசிக்கு முந்தின மாசம். அதான் என்னோட வேலைல நான் எடுத்த ஒசந்த பர்ச்சேஸு! அவ மங்கல் கண்ணுக்கும் தெரியற மாதிரி எழுத்துத் தடிப்பா, கருப்புப் பின்னணி, விளம்பரம் கெடையாது, நெட்டு இல்லைன்னாலும் மறக்காது. போன்ல மூடுனா டேப்ல அங்கயே தொறக்கும். டேப்ல மூடுனா லேப்டாப்புல அங்கயே தொறக்கும். மூணையும் சாப்பாட்டு மேசை மேல வரிசையா வெச்சு அவளுக்குக் காட்டுனேன். போன்ல ஒரு பக்கம் தள்ளுனேன். மத்த ரெண்டும் தள்ளிக்கிச்சு. "பாத்தியா சாந்தா" அப்படின்னேன்.

அவ பாத்துட்டே இருந்தா. "அப்ப இனி நான் வரி சொல்ல வேண்டாமுங்களா?" அப்படின்னு கேட்டா.

"எதுக்குச் சொல்லோணும்? அதே வெச்சுக்கும். நீ நிம்மதியா கண்ணை மூடிட்டு வா" அப்படின்னேன்.

"சரிங்க" அப்படின்னா.

அதுல இருந்து கார்ல நிம்மதிங்க. அவளும் ஒண்ணும் பேசறதில்லை, நானும் ரோட்டைப் பாத்து ஓட்டுனேன். ஹோப் காலேஜ் சிக்னல்ல நின்னா அவ கண்ணாடிப் பக்கம் திரும்பிக்குவா. அசதி. நான் தொந்தரவு பண்றதில்லை.

இந்தத் தடவை நல்லா ஓடுச்சு. ஒரு தடங்கலும் இல்லை. தில்லைநாயகி கப்பலேறிட்டா, ரங்கூன்ல எறங்கிட்டா. இவ கல்யாணத்தப்ப விட்ட எடத்தைத் தாண்டிட்டா! அன்னைக்கு அவ மொகத்தைப் பாக்கோணுமே. சிஸ்டரைக் கூப்பிட்டு, "நான் ரங்கூன் போயிட்டேன் சிஸ்டர்" அப்படின்னா. அந்தப் புள்ளை ஒண்ணும் புரியாமச் சிரிச்சுட்டு பிரஷர் பாத்துச்சு. இன்னும் கொஞ்சம்தாங்க பாக்கி. அண்ணன் இருக்கற தெருவரைக்கும் வந்துட்டதாச் சொன்னா.

அப்பறந்தான் அந்த நாள். மெஷின்ல இருக்கறப்பவே பிரஷர் எறங்கிருச்சு. வேர்த்து ஊத்துது. சிஸ்டரு ஓடி வர்றாங்க, டாக்டரைக் கூப்பிடறாங்க. நான் கட்டில் பக்கத்துல நிக்கறேன். அவ வலது கையில போன் இருக்குது, விடவே இல்லை. என்னையக் கிட்ட வரச் சொல்றா. குனிஞ்சேன். "ஏனுங்க, ஒரு வரி சொல்லட்டுங்களா" அப்படிங்கறா.

நான் சொன்னேன், "அதுலயே இருக்கும் சாந்தா, நீ பேசாதே. மூச்சு வாங்குது பாரு." டாக்டரும் பேசக் கூடாதுன்னுதாங்க சொன்னாரு. அவ என்னையே பாத்தா. தலையாட்டுனா. போனை எங்கையில குடுத்தா. ஐசியுவுக்குக் கொண்டு போனாங்க. மறுநா வெடியறப்ப முடிஞ்சுபோச்சு.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். எங்கிட்டயே இருக்குது. சித்த இருங்க.

எனக்கு அவ இல்லாம முடியலீங்க அம்மிணி. வாய் விட்டுச் சொல்றேன், முடியல. காலைல காப்பி போட்டா ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுடறேன். காரை எடுத்தா ஹோப் காலேஜ்ல என்ன வரின்னு யாரோ கேக்கற மாதிரியே இருக்குது. என்ன வரி? எங்கிட்ட ஏது வரி?

காரியமெல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாம் போனதுக்கு அப்பறம் டேபை எடுத்தேன். தொறந்ததும் அதுவா ஒரு கேள்வி கேட்டுச்சு. இன்னொரு கருவில இதைத் தாண்டிப் படிச்சிருக்கறீங்க, அங்க போகட்டுமான்னு. ஆஸ்பத்திரில அவ படிச்ச எடம்! ஆமான்னு அமுக்குனேன். போச்சு. லேப்டாப்பைத் தொறந்தேன், அதுலயும் அதே எடம். ஒரு பக்கம் பிசகலைங்க. மூணும் ஒரே பக்கத்துல நிக்குது. இன்னைக்கு வரைக்கும் அப்படியே நிக்குது. இதுக்குத்தானே பாடுபட்டேன்?

இப்ப அவளுக்கு வருசத் தெவசம் வருது. அதுக்குத்தான் மெட்ராஸ் போறேன். வினோதினி ரொம்ப நாள் கழிச்சு அவளா போன் பண்ணுனா. "அப்பா, அம்மா எந்த எடத்துல நிறுத்துனாங்க? அங்க இருந்து நான் அம்மா படத்துக்கு முன்னாடி உக்காந்து சத்தமாப் படிச்சு முடிக்கறேன். ஒரு வரிகூட விடாம அம்மா கேக்கட்டும். அந்த டேபை எதுவும் பண்ணாதீங்க, அப்படியே எடுத்துட்டு வாங்க. எங்க விட்டாங்கன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே" அப்படின்னா.

சொல்லியிருப்பாங்களேங்கறா. பக்கம் இருக்குதும்மா, கொண்டுட்டு வர்றேன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்.

ஈரோடு போயி எவ்வளவு நேரமாச்சு? பேச்சுல பாக்கவே இல்லை பாருங்க. சங்ககிரி தாண்டிட்டமாட்ட இருக்குது. நீங்க எறங்கறதுக்குள்ள ஒண்ணு காட்டறேன், இருங்க. இதா டேப். இதா அந்தப் பக்கம். பாருங்க, எழுத்து எவ்வளவு தெளிவா இருக்குதுன்னு. மேல ஆரம்பிச்சு அடி வரைக்கும் நெறைய வரி இருக்குது. தில்லைநாயகி படியேறிப் போறா, கதவைத் தட்டறா, உள்ள யாரோ இருமற சத்தம் கேக்குது. எல்லாம் இந்த ஒரே பக்கத்துல. நான் இதைய எத்தனை வாட்டி படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. அடுத்த பக்கம் தள்ளல. தள்ளுனா மூணும் தள்ளிக்குமில்லீங்க.

நீங்க படிக்கற புள்ளை, உங்களுக்குத் தெரியும். பாத்துச் சொல்லுங்க. இதுல எந்த வரில நிறுத்தியிருப்பா? எந்த வரியைங்க எங்கிட்டச் சொல்ல வந்தா? கதவைத் தட்டறதுங்களா? இருமல் சத்தமுங்களா? இல்லை அதுக்கும் மேல, படியேர்றதுலயே நின்னுட்டாளா? விரலை வெச்சு ஒவ்வொரு வரியாப் பாத்துட்டேன், ஒண்ணும் புடிபடல. முன்னயெல்லாம் வரியைச் சொல்லுவாளுங்க அவ, வரியையே சொல்லுவா.

இந்த ஆப்புல அந்த ஒரு குறைதாங்க. பக்கத்தை வெச்சுக்குது, வரியை வெச்சுக்க மாட்டேங்குது.

சேலம் வந்துருச்சு. எறங்குங்க, பையை மறந்துராதீங்க. ஏனுங்க அம்மிணி, வரியையும் ஞாபகம் வெச்சுக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா? உங்களுக்குத் தெரிஞ்சா பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க. மெட்ராஸ் போறதுக்குள்ள மாத்திப்போடறேன்.